வருத்தப்படாமல் செலவழிக்க நாலணா

7-10-1963, திங்கள்

இந்த நோட்டு தையல்கார மஹ்மூதா அக்கா கொடுத்தது. பழைய அளவு நோட்டு. ஒரு பக்கம் எங்கள் பிளாக் பெண்களின் ரவிக்கை அளவுகள். மறுபக்கம் காலி. "காலிப் பக்கத்துல மனசுல இருக்கறத எழுதிக்கோ அம்சா. வாயிலதான் வர மாட்டேங்குதே" என்றார். இப்போது நான் எழுதுவது போஸ்டாபீஸ்காரர் வூட்டம்மாவின் தோள் அளவுக்கு நேர் பின்னால்.

இன்று எட்டு ரவிக்கைக்குக் கொக்கி வைத்தேன். ஒன்றுக்கு இரண்டணா. ஆக ஒரு ரூபாய். நயா பைசா வந்து ஆறு வருஷமாகியும் அக்காவும் நானும் அணாவில்தான் பேசிக்கொள்கிறோம்.

அக்கா ஒரு செய்தி சொன்னார். அவர் வீட்டுக்காரருக்கு நெல்லிக்குப்பத்தில் துணிக்கடை. தை பிறந்ததும் நோன்பு வருகிறது. அதற்குள் அக்காவும் அங்கே போய்விடப் போகிறார். அங்கே கால்மிஷின் இருக்கிறதாம். இங்கிருக்கும் கைமிஷினை விற்கிறார். தொண்ணூறு ரூபாய். "பொங்கலுக்கு மறுநா வரைக்கும் உனக்காக வச்சிருப்பேன். அதுக்கு மேல குள்ளஞ்சாவடி கடைக்காரர் எடுத்துக்கினு போயிடுவார்."

என்னிடம் அறுபது இருக்கிறது. அக்கா போய்விட்டால் கொக்கி வேலையும் போய்விடும். மிஷின் இல்லாவிட்டால் நான் என்ன? ஏழாம் வகுப்போடு நின்ற ஒரு பெண். நின்றதற்கும் பெரிய காரணமில்லை. குவார்ட்டர்ஸுக்குக் குடி வந்ததும் புதுப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் பெயர் கேட்டார். குரல் வரவில்லை. மறுபடி கேட்டார். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

8-10-63

அப்பாவிடம் மிஷினுக்குக் கேட்டேன். கேட்டேன் என்றால், அவர் சாப்பிடும்போது பக்கத்தில் போய் நின்றேன். நெடுநேரம் நின்றேன். "என்னா, ரசம் வேணுமா?" என்றார். அம்மாதான் எனக்காகக் கேட்டாள்.

"மெசினா? ரெண்டு கை இருக்குதே, அது போதாதா?" என்றார் அப்பா.

முடிந்தது.

9-10-63

எங்கள் வீட்டு நிலவரத்தை எழுதி வைக்க வேண்டும்.

அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. பர்மனெண்ட் ஆகி ஒரு வருஷமாகிறது. பக்கத்து ஊரான வடக்குத்தில் ஒரு மனை வாங்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காகச் சோப்பை நூலால் நான்காக அறுக்கிறார். கம்பெனியில் இனாமாகக் கொடுத்த பூட்ஸைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வெறுங்காலோடு ஷிப்டுக்குப் போகிறார். சுரங்க வாசலில் போட்டுக்கொள்வாராம். ரோட்டில் தேய்ந்தால் கம்பெனிக்கு நஷ்டமில்லை, நமக்குத்தான் நஷ்டம் என்கிறார்.

அம்மா வேறு ரகம். தவணைக்குக் கொடுக்கும் ஜவுளிக்காரர் எங்கள் தெருவில் நுழைந்தால் முதலில் எங்கள் வீட்டில்தான் தண்ணீர் குடிப்பார். புதுப் புடவையை அம்மா மூன்று தடவை கஞ்சித் தண்ணியில் முக்கிக் கசக்கி, வெயிலில் போட்டுப் பழசாக்கிய பிறகுதான் கட்டுவாள். அப்பா பார்த்துவிட்டால், "கல்யாணத்துல எடுத்ததுங்க." அப்பாவுக்குத் தெரிந்து அவர் கல்யாணத்துக்கு இதுவரை பதினோரு புடவை எடுத்திருக்கிறார்கள்.

நான் யாரைப் போல? காலையில் அப்பா. சாயங்காலம் ஜவுளிக்காரர் மூட்டையைப் பிரித்தால் அம்மா.

10-10-63

மஹ்மூதா அக்காவிடம் சொன்னேன். அவரிடம் மட்டும் எப்படியோ பேச்சு வருகிறது. ஊசியைப் பார்த்துக்கொண்டே பேசலாம், அதனால் இருக்கும்.

அக்கா இரண்டு டப்பா எடுத்துக் கொடுத்தார். ஒன்று பெரிய பால்பவுடர் டப்பா, இன்னொன்று சின்ன முகப்பவுடர் டப்பா. ரூபாய்க்குப் பன்னிரண்டணா பெரியதில். அதைச் சாகப் போனாலும் தொடக்கூடாது. நாலணா சின்னதில். அதைக் கட்டாயம் செலவழிக்க வேண்டும். உனக்காக. யாரையும் கேட்காமல். முக்கியமாக, வருத்தப்படாமல்.

"வருத்தப்பட்டா?"

"அது செலவே இல்ல, அபராதம். திரும்ப ஒரு தரம் செலவு பண்ணணும்."

"எல்லாத்தையும் பெரிய டப்பாவுல போட்டா சீக்கிரம் மிஷின் வந்திடுமேக்கா."

"போடு. ஒரு மாசம் போடுவே. அப்புறம் ஒரு நாள் ஜவுளிக்காரன் வருவான், மொத்தத்தையும் அவங்கிட்ட குடுத்துட்டு உக்காந்திருப்பே. நீ வள்ளியம்மா பெத்த பொண்ணுதானே?"

அம்மாவை அப்படிச் சொன்னதில் எனக்குக் கோபம்தான். ஆனால் சரிதான்.

13-10-63, ஞாயிறு

முதல் செலவு. ரிப்பன் வாங்கப் பஜாருக்குப் போனேன். கடைக்காரர், "என்னம்மா வேணும்?" என்றார். குரல் வரவில்லை. கையைக் காட்டினேன். அவர் பக்கத்திலிருந்த பாவாடை நாடாவை எடுத்தார். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆறு கெஜம் அளந்தார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இனி மூன்று தலைமுறைக்குப் பாவாடை நாடா பஞ்சமில்லை.

அப்பா மட்டும் தலையைத் தட்டிக்கொடுத்தார். "உருப்படியான செலவு."

அக்கா இதைக் கணக்கில் சேர்க்க மறுத்துவிட்டார். உருப்படியாக இருப்பதால்.

20-10-63

குச்சி ஐஸ். திராட்சை நிறம். சைக்கிள்காரரிடம் கையைக் காட்டினாலே போதும், ஒரே ஒரு பெட்டிதான், தப்பாக எடுக்க முடியாது. ஆனால் பதினாறு வயதுப் பெண் தெருவில் நின்று ஐஸ் சப்புவதா? தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்று அவசர அவசரமாகத் தின்றேன். நெற்றி வலித்தது. ருசி தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கொட்டாவி விட்டேன். அப்பா பார்த்துவிட்டார். "ஐயையோ, நாக்கு நீலம் பாரிச்சிருக்குது!" பூட்ஸைக்கூட எடுக்காமல் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். டாக்டர் நாக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி நாக்கைப் பார்த்தார். "எத்தனை காசு ஐஸ்?" என்று மெதுவாகக் கேட்டார். இரண்டு விரலைக் காட்டினேன்.

அவர் அப்பாவிடம், "ஒண்ணுமில்ல, சூடு" என்று சொல்லி ஒரு மிக்சர் எழுதிக் கொடுத்தார். மிக்சர் இனாம் என்பதால் அப்பா மூன்று வேளையும் தானே அளந்து ஊற்றுகிறார். கசப்பு தாங்கவில்லை.

வருத்தப்பட்டேன். ஆகவே இன்னொரு ஐஸ் தின்ன வேண்டும்.

21-10-63

தின்றேன். வெள்ளை ஐஸ்.

13-11-63

தீபாவளித் தையல். விரல் நுனியெல்லாம் சல்லடை. எழுத முடியவில்லை.

1-12-63

பெரிய டப்பாவில் எழுபத்தாறு ரூபாய்! சின்ன டப்பாவில் சேர்ந்துகொண்டே போகிறது. செலவழிப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அம்மா இதை எப்படி இவ்வளவு சுலபமாகச் செய்கிறாள்?

8-12-63

வாசனைச் சோப்பு ஒன்று வாங்கினேன். முழுச் சோப்பு. அறுக்காதது. இந்தத் தடவை கடைக்காரரிடம் "சோப்பு" என்றே சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை, இருந்தாலும் சொன்னேன். அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன்.

9-12-63

சோறெல்லாம் மல்லிகை வாசனை. அப்பா, "ரேஷன்ல நல்ல அரிசி போட்டுட்டான்" என்று இன்னொரு தடவை போட்டுக்கொண்டார். அம்மா என்னைப் பார்த்த பார்வை! அவளுக்குத் தெரியாத ஒளிக்கும் வித்தையா?

வருத்தப்படவில்லை. முதல் முறையாக. குளித்துவிட்டுக் கையை மோந்துகொண்டே கொக்கி வைத்தேன்.

22-12-63

குள்ளஞ்சாவடி கடைக்காரர் அக்கா வீட்டுக்கு வந்தார். நான் சமையலறைக்குள் ஓடிவிட்டேன். மிஷினைச் சுற்றிப் பார்த்தார், சக்கரத்தைச் சுழற்றினார். "நூறு தரேன், இப்பவே" என்றார்.

நூறு!

"ஒரு பொண்ணுக்கு வாக்கு குடுத்திருக்கேங்க" என்றார் அக்கா. "நூத்தி அஞ்சு" என்றார் அவர். "பொங்கல் கழிச்சு வாங்க."

அவர் போன பிறகு அக்கா மறுபடி தைக்க உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். இன்று வைத்த கொக்கிகளில் இரண்டு தலைகீழ்.

6-1-1964

பிளாக் முழுக்க வெள்ளையடிக்கிறார்கள். கதவு நம்பரெல்லாம் சுண்ணாம்புக்குள் போய்விட்டது. புது நம்பர் பொங்கல் கழித்து எழுதுவார்களாம். எல்லா வீடும் ஒரே அச்சு. ஒரே ஜன்னல், ஒரே படி. எங்கள் வீட்டுக்கு அடையாளம் வாசலில் இருக்கும் ஓட்டை வாளிதான். அப்பா மூன்று வருஷமாகத் தார் வைத்து அடைக்கிறார்.

8-1-64

அம்மா புது வாளி வாங்கிவிட்டாள். பழையதைப் பக்கத்து வீட்டுத் தனம் அக்காவுக்குச் செடி வைக்கக் கொடுத்துவிட்டாள். அப்பாவுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட், வருவதும் தூங்குவதுமாக இருக்கிறார். இன்னும் கவனிக்கவில்லை.

9-1-64

இல்ல. இல்ல. திரும்பத் திரும்ப எண்ணிப் பாத்துட்டேன். எம்பத்தி நாலு இருக்கணும். எழுபத்திரண்டுதான் இருக்குது. பன்னெண்டு ரூவா எங்க?

எங்கன்னு தெரியும். அம்மா காலையிலேர்ந்து என் மூஞ்சியப் பாக்கல. பேர் சொல்லி நாலு தடவ கூப்பிட்டு, நாலு தடவையும் "ஒண்ணுமில்ல, போ"ன்னா.

கேட்டேன். சத்தமே வராம கேட்டேன். அம்மா அழுதுட்டா. "மாம்பழக் கலர்டி அம்சா. அந்தக் கலர அவன் மூட்டையில மொத மொத பாக்கறேன். மாசம் பொறந்ததும் வச்சிடலாம்னுதான் எடுத்தேன்." பொடவ இங்க இல்ல. தனம் அக்கா வூட்டுல ஒளிச்சு வச்சிருக்கா.

பொங்கலுக்கு அஞ்சு நாள். மாசம் பொறந்து நான் என்னத்த பண்றது? ஏம்மா இப்படி? எனக்கு மாம்பழக் கலரே புடிக்காது. இனிமே மாம்பழமும் புடிக்காது.

10-1-64, வெள்ளி

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும். சிரிப்பு வேறு வருகிறது.

காலையில் அம்மாவும் நானும் பேசிக்கொள்ளாமல் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "வள்ளி! இந்தா வள்ளி! தண்ணி கொண்டா!"

நைட் ஷிப்ட் முடிந்து கண்ணைச் சொருகிக்கொண்டு வந்தவர், நம்பர் இல்லாத வரிசையில் ஓட்டை வாளியைத் தேடியிருக்கிறார். கிடைத்திருக்கிறது. உள்ளே போய்ப் பாயை விரித்துப் படுத்துவிட்டார்.

நாங்கள் ஓடினோம். வாசலை எட்டுவதற்குள் அடுத்த சத்தம். "என்னாது இது, கொடியில புதுப் பொடவ? எவ்ளோடி?"

சமையலறையில் ஒண்டிக்கொண்டிருந்த தனம் அக்கா நடுங்கிப்போய் உள்ளிருந்தே பதில் சொன்னார்: "பன்னெண்டு ரூவாங்க. ஆனா அது எங்களுது இல்லிங்க, உங்க வூட்டுதுங்க."

"எங்க வூட்டுது எங்க வூட்டுலதானடி இருக்கும்!"

"இது எங்க வூடுங்க."

அப்பா எழுந்து உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். வாசலில் நின்ற எங்களைப் பார்த்தார். வாளியைப் பார்த்து, "நீ எப்படி இங்க வந்தே?" என்று அதனிடம்தான் முதலில் கேட்டார்.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. புடவை, பன்னிரண்டு ரூபாய், டப்பா. டப்பாவில் எவ்வளவு என்று கேட்டார். அம்மா உளறிவிட்டாள். "எம்பத்தி நாலா?" அப்பாவின் முகம் மாறிவிட்டது. கோபம் இல்லை. அதைவிட மோசம், சந்தோஷம். "அட, நம்ம அம்சாவா! அத எங்கிட்ட குடுத்துடும்மா. வடக்குத்து மனைக்கு அட்வான்ஸ் வச்சிடலாம்."

எனக்கு வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. மிஷின் போயிற்று என்று நினைத்தேன். தலையாட்டியிருப்பேன், இன்னும் ஒரு நொடி இருந்திருந்தால்.

அப்போது தனம் அக்காவின் வீட்டுக்காரர் சக்கரபாணி அண்ணன் உள்ளே வந்தார். அப்பாவோடு ஒரே ஷிப்ட். அப்பாவைத் தன் பாயில் பார்த்ததும், "என்னாண்ணே, இங்க படுத்துக்கினு? கேன்டீன்ல நாலு வட தின்ன மயக்கமா?" என்றார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாலு வடையா?"

"தெனம் நாலு. அண்ணனுக்குன்னு தனியா எடுத்து வச்சிடுவாங்க."

"சோப்ப நூலுல அறுக்கற மனுசன் தெனம் நாலு வடையா?"

"கம்பெனி வட, வள்ளி" என்றார் அப்பா. "வெளிய ரெண்டணா, உள்ள ஒரு அணா. ஒரு வட தின்னா ஒரு அணா மிச்சம். நாலு தின்னா நாலணா மிச்சம். யோசிச்சுப் பாரு."

"அப்ப நாப்பது தின்னுட்டு வா. மனைய வடையிலயே வாங்கிடலாம்."

சக்கரபாணி அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது.

"புள்ள காச நான் தொட்டது தப்புதான்" என்றாள் அம்மா. "ஆனா இனி யாரும் தொடக்கூடாது. தொட்டா, எத்தினி வடன்னு பிளாக் பூரா சொல்லிடுவேன்."

அப்பா பூட்ஸை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு நடந்தார். என்னைத் தாண்டும்போது, "ரெண்டுதான் பெரிசு. ரெண்டு சின்னது" என்றார்.

11-1-64

புடவையைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று பார்த்தால், மடிப்பில் குங்குமம். தனம் அக்கா அதைக் கட்டிக்கொண்டு ஒரு தடவை கோயிலுக்குப் போய் வந்திருக்கிறார். "ஒளிச்சு வச்ச பொடவ எப்படி இருக்குதுன்னு பாத்தேன்" என்கிறார்.

அப்பா கிளம்பினார். காலை ஒன்பது மணிக்குச் சக்கரபாணி அண்ணன் எதிரில் உட்கார்ந்தார். கட்டினவர்தான் வாங்க வேண்டும் என்றார். அண்ணன் எட்டு ரூபாயில் ஆரம்பித்தார். பதினொரு மணிக்கு அப்பா திரும்பி வந்தார். கையில் பன்னிரண்டு ரூபாய். இன்னொரு கையில் ஓட்டை வாளி.

அம்மா ஜன்னலில் நின்று மாம்பழக் கலரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவமாகத்தான் இருந்தது.

12-1-64

பெரியதில் எண்பத்து நான்கு. சின்னதில் ஆறு. கூட்டினால் தொண்ணூறு! ஆனால் சின்ன டப்பாவைச் சேமிப்பில் சேர்க்கக்கூடாதே? அக்காவிடம் ஓடினேன். அக்கா சிரித்தார். "மிஷின் உனக்கா, ஊருக்கா?" எனக்கு. "யாரையாவது கேட்டு வாங்கறியா?" இல்லை. "வருத்தப்படுவியா?"

அதை மட்டும் வாங்கிய பிறகுதான் சொல்ல முடியும் என்றேன்.

13-1-64, போகி

அப்பா தானும் வருவேன் என்றார். "உனக்குப் பேசத் தெரியாது. தலையில கட்டிடுவாங்க." சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அக்கா வீட்டில் மிஷின் முன்னால் உட்கார்ந்தார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

சக்கரம் ஆடுகிறது என்றார். பெட்டியில் கீறல் என்றார். ஊசி ஒன்றுதானா என்றார். எழுபதில் ஆரம்பித்தார். அக்கா பயணத்துக்குச் சாமான் கட்டிக்கொண்டிருந்தார். களைத்துப்போயிருந்தார். "என்னங்க நீங்க, இந்தப் பொண்ணுக்காகத்தான்..." என்று சொல்ல வந்து நிறுத்திவிட்டார். கடைசியில், "சரி, உங்க இஷ்டம். எழுபத்தெட்டு குடுங்க" என்றார்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பன்னிரண்டு ரூபாய் லாபம்! அந்தப் பார்வையில் அவ்வளவு பெருமை.

நூற்றைந்து கொடுக்க வந்தவரைத் திருப்பி அனுப்பியது எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. அக்கா அதைச் சொல்லிக் காட்டவும் மாட்டார்.

"தொண்ணூறு" என்றேன்.

யார் பேசியது என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

"என்னாது?" என்றார் அப்பா.

"தொண்ணூறுங்கப்பா. அக்கா சொன்ன வெல தொண்ணூறு. நான் தொண்ணூறுதான் குடுப்பேன்."

"அவங்களே கொறச்சுட்டாங்களேம்மா!"

"நான் கொறைக்கலிங்க."

இரண்டு டப்பாவையும் கவிழ்த்தேன். சில்லறை பாயெல்லாம் ஓடியது. அக்கா எண்ணவில்லை, அப்படியே முந்தானையில் அள்ளிக்கொண்டார். என் கன்னத்தைக் கிள்ளினார். வலித்தது.

அப்பா மிஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு வீடு வரை பேசாமல் வந்தார். வாசலில் இறக்கும்போது மட்டும், "பன்னெண்டு ரூவா" என்றார்.

வருத்தப்பட்டுப் பார்த்தேன். வரவில்லை.

16-1-64

அக்கா போய்விட்டார். பஸ்ஸில் ஏறும்போது ஒரு பொட்டலம் நூல்கண்டு கொடுத்தார். இன்று எழுத வேண்டாம்.

23-2-64, ஞாயிறு

இந்த வாரம் மூன்று பாவாடை, ஒரு பையன் டிராயர், ஐந்து ரவிக்கை. அம்மாவின் இரண்டு ரவிக்கை தனி. அவள் தவணையில் தைத்துக்கொள்கிறாள்.

சாயங்காலம் அப்பா மல் துணி கொண்டுவந்து மிஷின் மேல் வைத்தார். சட்டை வேண்டுமாம். எவ்வளவு என்று கேட்டார்.

"ஒண்ணேகா ரூவாங்கப்பா."

"பெத்தவனுக்குமா? முக்கா ரூவா வச்சுக்கோ."

நான் பேசவில்லை. பாவாடை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினேன்.

"வடக்குத்துல ஒரு ரூவாதான் வாங்கறாங்க."

பேசவில்லை.

"ஒரு ரூவா ஒண்ணரை அணா. சரியா?"

நான் பேசாமல் இருந்தால் வெட்கம் என்றுதான் இதுவரை எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். நானும்தான். ஓரம் முழுவதும் தைத்து முடித்தேன். நூலைப் பல்லால் கடித்தேன். அப்பா இன்னும் நின்றுகொண்டிருந்தார். அடுத்த பாவாடையை எடுத்தேன்.

ஒரு ரூபாயை வைத்தார். கொஞ்சம் நின்றார். பிறகு நாலணாவையும் எடுத்து அதன் மேல் வைத்துவிட்டு, கையை நீட்டிக்கொண்டு அளவு கொடுக்க நின்றார்.